முதல் வருகையா?

கோத்தகிரி ஜான்ஸ்டோன் சதுக்கம்,
மருந்துக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ்.
மார்கழி. கண்ணாடிக்கு வெளியே
பஸ் ஸ்டாண்டைத் தின்றுவிட்ட மூடுபனி.
உள்ளே சுவரில் நீலக் கடல்,
சாய்ந்த ஒற்றைத் தென்னை,
கீழே யாரும் உட்காராத நாற்காலி.

நான் அந்தத் தீவுக்குப் போனதில்லை.
வாரத்துக்கு ஆறு பேரை அனுப்புகிறேன்.

ஒப்பிப்பேன்:
திருச்சியில் ஏறினால் ஒரு மணி நேரம்,
பெல்ட்டைக் கழற்றுவதற்குள் கொழும்பு.
கடிகாரத்தைத் தொட வேண்டாம், அங்கும் இதே நேரம்தான்.
பணமும் ரூபாய்தான்;
நம் ஒன்றைக் கொடுத்தால் மூன்றுக்கு மேல் தருவார்கள்.
பணக்காரராய் இறங்குவீர்கள்,
முதல் ஹோட்டல் பில்லில் தெளிந்துவிடும்.
பௌர்ணமியன்று மது விற்க மாட்டார்கள்
(கட்டபெட்டு போஜன் இதைக் கேட்டதும் தேதியை மாற்றினார்).
புத்தருக்கு முதுகு காட்டி செல்ஃபி கூடாது.
ப்ளக் துளை சதுரம், அடாப்டர் கையோடு.
மழை அங்கே முறை வைத்துப் பெய்யும்,
ஆனி ஆடியில் ஒரு கரை, ஐப்பசி கார்த்திகையில் மறு கரை,
எப்போது போனாலும்
ஏதோ ஒரு பக்கம் துணி காயும்.

பவளக்கொடி அம்மாள் எல்லாம் கேட்டார்.
டான்டீயில் ஓய்வு பெற்று மூன்று மாதம்.
கிராஜுவிட்டிப் பணம் மஞ்சள் பையில்,
பை மடியில்,
மடியின் மேல் இரண்டு கையும்.

பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் தலவாக்கலை.
எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.
"மலை ரயிலில் ஜன்னல் சீட் போடறேன் அம்மா,
வழியெல்லாம் தேயிலை, அருவி,
வெள்ளைக்காரங்க அதுக்குன்னே வர்றாங்க."

சிரித்தார். பை குலுங்கியது.
"தேயிலையா? காசு குடுத்தா?"

பிறகு சொன்னார், என்னிடம் இல்லை,
சுவர்ப் படத்திடம்:
"எட்டு வயசு வரைக்கும் அங்க இருந்தேன்.
அது தீவுன்னு ஒருத்தரும் சொல்லல.
மலை, அதுக்குப் பின்னாடி மலை,
விடியறதுக்கு முந்தி பெரட்டுத் தப்பு.
கடல்ல வந்தது ஒரே தடவ,
தலைமன்னார்ல கப்பல் ஏத்துனப்ப.
அம்மாவுக்கு வாந்தி. தம்பி மடில.
டிரங்குப் பெட்டி மேல ஒக்காந்து
முன்னால நின்னவரோட கம்பளிக் கோட்டத்தான் பாத்தேன்,
மூணு மணி நேரமும்.
பித்தான் ஒண்ணு இல்ல அதுல.
கடல் அந்தக் கோட்டுக்கு அந்தாண்ட இருந்துச்சு."

விரலை நீட்டினார்.
"அந்த நாக்காலி எந்த ஊரு?"

படத்தைக் கழற்றித் திருப்பினேன்.
நான்கு வருடமாக என் தலைக்கு மேல் தொங்கியது;
பின்னால் பொடி எழுத்தில் இருந்தது, மிரிஸ்ஸ.

விசா படிவம் திறந்தது.
பெயர், எண், முடியும் தேதி.
இதற்கு முன் இலங்கைக்கு வந்ததுண்டா?
கோடு விட்டுவிட்டு மின்னியது.
"ஆமான்னு போட்டா என்ன கேப்பாங்க?"
"எப்போ, எத்தன நாள், என்ன நோக்கம்."
"நோக்கத்துக்கு என்னென்ன வெச்சிருக்காங்க?"
வாசித்தேன்: சுற்றுலா, வியாபாரம், வழிப்பயணம்.
கொஞ்ச நேரம் யோசித்தார்,
கடையில் சேலை தேர்ந்தெடுப்பவர் போல.
"பொறக்கறதுக்கு வந்தேன்னு போட எடமில்ல.
இல்லன்னே போட்டுரு தம்பி."

கை எலிமேல் நின்றது.
பிறந்த ஊர் மேலே இருக்கிறது, அதே பக்கத்தில்,
படிக்கிறவன் படிக்கட்டும் என்று
அழுத்தினேன்.

எழுந்தார். கதவு வரை போய்த் திரும்பினார்.
அடாப்டரைப் பற்றிக் கேட்பார் என்று பார்த்தேன்.
"அந்த மணல்ல அட்ட கடிக்காதுல்ல?"

"கடிக்காது" என்றேன்.
பனிக்குள் இறங்கிப் போனார்.
போனவர்களுக்கெல்லாம் கொடுக்கும் தாளை எடுத்து
அடியில் கையால் எழுதினேன்:
கடற்கரையில் அட்டை இல்லை.